முட்டி அணியின் முழு மதிப்பெண்

ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

போனில் பேசினால் பாதிப் பேச்சில் ஓடிவிடுகிறேன், அதனால் இனி எழுதித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் போட்ட உத்தரவுக்குப் பணிந்து எழுதுகிறேன். நான் என்ன செய்ய, ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தைக்கூட இரண்டு முழங்கால்களுக்கு நடுவில்தான் எழுதுகிறேன். ஒன்றுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. அடுத்ததுக்கு மயக்க மருந்து டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இதோடு ஒரு படிவமும் முகவரி எழுதிய கவரும் வைத்திருக்கிறேன். என் தீசிஸுக்கானது. உங்களுக்கு மூட்டு மாற்றும்போதே சொன்னேனே, எங்கள் கைடு சார் பாதிப் பேருக்குத் தசையை வெட்டாமல் ஒதுக்கிவிட்டுச் செய்யும் புது முறை, மீதிப் பேருக்கு வெட்டித் தைக்கும் பழைய முறை என்று செய்தார். யாருக்கு எது என்பதை ஒட்டிய கவரைப் பிரித்து முடிவு செய்தோம். மொத்தம் அறுபது பேர். நீங்களும் அதில் ஒருவர். ஆறு மாதம் கழித்து யாருக்கு வலி குறைவு, யார் சுலபமாகப் படி ஏறுகிறார், யார் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று கேட்டு ஸ்கோர் போட வேண்டும். முழு ஸ்கோர் நாற்பத்தெட்டு.

அரசு ஆஸ்பத்திரி என்றால் நோயாளிகள் தாமாகத் திரும்பி வருவார்கள். இது தனியார் ஆஸ்பத்திரி. இங்கே நடக்கத் தொடங்கிய யாரும் அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எட்டிப் பார்த்தாலே பில் போட்டுவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் எல்லோருக்கும் தபாலில் அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் முடிவதற்குள் தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் இந்த முறை பரீட்சை இல்லை. இன்னும் ஆறு மாதம் உங்கள் பிள்ளை அந்த ஊரில், நான் இந்த ஊரில். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்கள் ரொம்பக் கொஞ்சம். ஆனால் முடித்துவிடுவேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

உள்ளது உள்ளபடி நிரப்பி அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 9

மருமகளுக்கு,

படிவம் இதோடு வருகிறது. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. விளையாட்டு டீச்சருக்குக் கூட்டல் வராது என்று உன் மாமா இருந்தவரைக்கும் கிண்டல் செய்வார். நீயே ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். என் தங்கை என்னோடு வந்து தங்கிவிட்டாள். அவளுக்குக் காற்று வேண்டுமாம், அதனால் மாடி அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டேன். உன் புருஷன் எனக்குப் போன் செய்தால் உன்னைப் பற்றிப் பேசுகிறான், உனக்குச் செய்தால் என்னைப் பற்றிப் பேசுகிறான் போல. அவனுக்கென்று சொல்ல ஒரு சேதியும் கிடையாது. உன்னிடமாவது வாயைத் திறக்கிறானா?

மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதே. அதை நான் பார்த்துக்கொண்டேன். நீ பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது உன் தோள்பட்டை எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. எலும்பு டாக்டர் என்றால் இப்படியா விளம்பரம் செய்வது?

அத்தை


ஜூன் 30

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் நல்ல செய்தி. இப்படி அனுப்பும் படிவங்களில் பாதி திரும்பி வந்தாலே அதிர்ஷ்டம் என்று என் சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு அறுபதும் வந்துவிட்டது. சார் நர்ஸுகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "நூத்துக்கு நூறுன்னு போட்டு வாசல்ல பெருசா ஒரு போர்டு வெச்சிடலாம் டாக்டர்" என்று சாரிடம் சொன்னார். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி மற்றது. எண்களை எல்லாம் புள்ளியியல்காரரிடம் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இவங்கல்லாம் மனுஷங்கதானா டாக்டர்?" என்று கேட்டார். புது முறைக்காரர்களும் நாற்பத்தெட்டு, பழைய முறைக்காரர்களும் நாற்பத்தெட்டு. சிலர் வெட்கப்பட்டு நாற்பத்தேழு போட்டிருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதில் ஒருவர் எந்தச் சிரமமும் இல்லாமல் குத்துக்காலிட்டு உட்காருகிறாராம். அது என்னாலேயே முடியாது. ஒரே ஒருவர் மட்டும் முப்பத்தொன்று போட்டிருக்கிறார்.

எனக்கு இரண்டு நாளாக ஒரு வாக்கியம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மார்க்கை நீங்கள் பார்த்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். எதைப் பார்த்துக்கொண்டீர்கள் அத்தை?

உங்கள் மருமகள்


ஜூலை 6

டாக்டர் மருமகளுக்கு,

இதைக் கேட்க உனக்கு ஒரு மாதம் ஆயிருக்கிறது. நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் உடற்பயிற்சி என்று கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறைக்கு அனுப்பினீர்களே, அங்கேதான் எல்லோரும் பழக்கமானோம். ஆளுக்கு ஒரு மூலையில் முனகிக்கொண்டு கிடந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்ல வைத்தது நான்தான். உங்கள் பிசியோ பையன்கூட, "டீச்சர் வந்துட்டா எனக்கு வேலையே இல்லை" என்பான். எனக்கு முன்னால் செய்துகொண்டவர்கள், பின்னால் செய்துகொண்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் போனில் ஒரு குழு ஆரம்பித்தோம். பெயர் முட்டி அணி. காலையில் வணக்கம் சொல்வது, யார் எவ்வளவு தூரம் நடந்தார் என்று போடுவது, இப்படிப் போகும். குழுவில் யாருக்கும் என்னைக் கேட்காமல் மாத்திரைகூட இறங்காது.

உன் படிவம் எல்லோருக்கும் வந்ததும் குழுவில் பேச்சுக் கிளம்பியது. நான் சொல்லிவிட்டேன். "இது நம்ம டாக்டர் பொண்ணோட பரீட்சைக்கு. நாமதான் மார்க் போடணும். ராத்திரி பகல்னு பாக்காம நம்மளைக் கவனிச்ச பொண்ணு. யாரும் கையை இழுத்துப் பிடிக்கக் கூடாது, முழுசா போட்டு அனுப்புங்க." ஒரே ஒருவர், ரிட்டயர் ஆன நீதிபதி, "டீச்சர், இது சரியா இருக்குமா?" என்று இழுத்தார். "உங்க காலைக் கட்டிப் பிடிச்சு நடக்க வெச்சவளுக்கு நீங்க செய்யறது இதுதானா?" என்றேன். மறுநாளே போட்டு அனுப்பிவிட்டார்.

முப்பத்தொன்று போட்டது யார் என்று நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். வருமானவரி ஆபீஸில் இருந்தவர். மகா கஞ்சன். மார்க் போடுவதற்குக்கூட அவருக்கு மனசு வரவில்லை. அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.

என் பள்ளிக்கூடத்தில் என் அணி தோற்றதே இல்லை. நீயும் தோற்க மாட்டாய்.

அத்தை


ஜூலை 11

அத்தை,

அது எனக்கான மார்க் இல்லை. அது உங்கள் முழங்காலின் நிலைமை. ஜுரம் எவ்வளவு என்று கேட்டால் நர்ஸ் நல்ல பெண், அவளுக்காக ஜுரமே இல்லை என்று எழுதுங்கள் என்பீர்களா?

என் கையில் இருக்கும் அறுபது தாளில் ஒன்றுதான் உண்மை, அந்த ஒருவரையும் நீங்கள் நீக்கிவிட்டீர்கள். அவர் கஞ்சன் இல்லை. இந்த வருடம் எனக்கு ஒழுங்காக உதவி செய்த ஒரே மனிதர் அவர்தான். தயவுசெய்து அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், மன்னிப்பும் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. மூன்று வருடம் இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் உட்கார்ந்து சேர்த்த வேலை இது. ஆறு மாதம் கழித்து ஒரு சர்ஜன், உங்களை மாதிரி ஒரு அம்மாவுக்கு எந்த முறையில் செய்யலாம் என்று என் தீசிஸைப் புரட்டிப் பார்த்தால், அதில் இருப்பது முட்டி அணியின் அன்புதான். அதை வைத்துக்கொண்டு அவர் அந்த அம்மாவின் காலில் கத்தி வைப்பார்.

இதைச் சாரிடம் சொல்லப் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், இந்த எண்களை என் பெயரில் அனுப்ப மாட்டேன்.

கூடவே ஒன்று. மாடி அறையைத் தங்கைக்குக் கொடுத்தது காற்றுக்காகவா, படிக்கட்டுக்காகவா?

மருமகள்


ஜூலை 16

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வீட்டில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை, என் மாமியார் உட்பட.

நல்லது செய்யப் போய்க் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டேன். உன் புருஷன் போன் செய்து, "அம்மா, அவ சொல்றதுல நியாயம் இருக்கும்மா" என்றான். மூன்று வருடத்தில் அவன் கட்சி எடுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை, அதுவும் உன் கட்சி.

வருமானவரிக்காரரைச் சேர்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வணக்கம் சொன்னேன், அது போதும்.

மாடி அறையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். என் முழங்கால் என் பாடு.

அத்தை


ஜூலை 27

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கோபமாக இருப்பது தெரிகிறது. இருந்தாலும் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? இதில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டதே நீங்கள்தானே.

சார் ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குழாயில் நின்று சொன்னேன். உட்கார வைத்துச் சொல்ல அவர் என்றைக்கு உட்கார்ந்திருக்கிறார்? முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா வந்த பரீட்சையை யாராவது திருப்பி எழுதுவாங்களா?" என்றார்.

"எழுதுவேன் சார்."

"தேதி போயிடும். ஆறு மாசம் போயிடும். யோசிச்சுக்கோ. என் பேரும் அதுல இருக்கும்மா."

"அதனாலதான் சார் சொல்றேன்."

அவர் முழங்கையால் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க என்னிடம் தையல் நூலை மட்டும்தான் கேட்டார்.

மறுநாள் புறநோயாளிப் பிரிவில் ஒரு அம்மா வந்தார்கள். என் அறுபதில் ஒருவர், புது முறையில் செய்துகொண்டவர். சர்க்கரைக்கு மருந்து எழுதிக்கொள்ள வேறு டாக்டரிடம் வந்தவர், சாரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று சார் கேட்டார். "உங்க புண்ணியத்துல ஓடிட்டிருக்கேன் டாக்டர்" என்று கை கூப்பினார். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார், இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்பது போல. அந்த அம்மா வெளியே போனார். எங்கள் அறைக் கதவு கண்ணாடி. எதிரில் வராந்தாவில் மூன்றே மூன்று படிகள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். சார் அதை முழுக்கப் பார்த்தார்.

"யாரை வெச்சுக் கேக்கப் போறே?" என்றார் அப்புறம். அத்தை, அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இரட்டிப்பானது.

எத்திக்ஸ் கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டேன். வேறு பிரிவில் இருக்கும் பிசியோ ஒருத்தி எல்லோரையும் போனில் கூப்பிட்டுக் கேட்பாள். யாருக்கு எந்த முறை என்பது அவளுக்குத் தெரியாது. இது டாக்டருக்கு மார்க் இல்லை, வலியைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பாள். விளம்பரப் போர்டு வேண்டாம் என்று சாரே சொல்லிவிட்டார். தேதிக்குள் முடிப்பேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். முட்டி அணியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. உண்மையைச் சொல்லுங்கள் என்றுகூடச் சொல்லக் கூடாது. நீங்கள் வாயைத் திறந்தாலே அவர்களுக்கு அது உத்தரவு.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 5

மருமகளுக்கு,

பேசவில்லை. நீ சொன்னதிலிருந்து குழுவில் வணக்கம் தவிர எதுவும் போடுவதில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நீதிபதி அங்கிருந்து கார் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கும் ஒன்றும் சொல்லாமல் டீ கொடுத்து அனுப்பினேன். போகும்போது, "ஒரு பொண்ணு போன் பண்ணினா டீச்சர். இந்தத் தடவை இருந்ததைச் சொல்லிட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். திட்டுவேன் என்று பயந்திருப்பார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

குழுவில் ஒவ்வொருவராக வாயைத் திறக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருத்திக்குக் காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிப்போகிறதாம். ஒருவர் பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டாராம். ஆறு மாதமாகத் தினமும் வணக்கம் சொன்னவர்கள், ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா என்று யோசிக்கிறேன். நான் கேட்கிற மாதிரி இருந்திருந்தால்தானே.

அந்தப் பெண் எனக்கும் போன் செய்தாள். வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசு என்று சொல்லிவிட்டேன். மூன்று தடவை. வெளியே எங்கும் போகவில்லை.

நீ கேட்டதைச் செய்தேன். கேட்டதைத் தாண்டி ஒன்றும் செய்யவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

அத்தை


ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தைக்கு,

போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்றுப் பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். கறுப்பு அட்டை, பொன் எழுத்து, நல்ல கனம். உங்கள் பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்து, பைண்டிங் கடையில் எனக்காக வரிசையில் நின்றார். அட்டையில் என் பெயரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடிவு என்ன தெரியுமா? பிசியோ அறைக் குறிப்பேட்டின்படி முதல் ஒன்றரை மாதம் புது முறைக்காரர்கள் சீக்கிரம் நடக்கிறார்கள். ஆறு மாதம் போனால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சராசரி முப்பத்தாறு. சார் கடைசிப் பக்கம் வரை படித்தார். "என் முறைதான் உசத்தின்னு நான் பத்து வருஷமா மேடையில பேசிட்டிருக்கேன்" என்றார். பேனா கேட்டார், கையெழுத்துப் போட்டார். "அடுத்த மேடையில இதைச் சொல்லணும், ஸ்லைடு நீதான் போட்டுத் தரணும்" என்றார்.

தபாலில் வந்த ஸ்கோரையும் போனில் வந்த ஸ்கோரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். நோயாளிகள் தங்கள் டாக்டரை நோகடிக்காமல் இருக்க எவ்வளவு வலியை விழுங்குகிறார்கள் என்று. எனக்கு இந்தத் தீசிஸிலேயே பிடித்த அத்தியாயம் அதுதான். பரீட்சையில் அதைப் பற்றிக் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. சொந்த மாமியாரை முதலிலேயே சேர்த்திருக்கக் கூடாது. கணக்கில் இப்போது ஐம்பத்தொன்பது பேர்தான், காரணத்தையும் எழுதியிருக்கிறேன்.

அதனால் இனி நீங்கள் எனக்கு நோயாளி எண் இல்லை, ஸ்கோர் இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் தீசிஸில் ஒரு புள்ளிகூட மாறாது, என் பரீட்சைக்கு ஒன்றும் ஆகாது. இப்போது கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது அத்தை?

உங்கள் மருமகள்


செப்டம்பர் 4

என் கண்ணுக்கு,

முதலில் என் பெயரை எடுத்ததற்கு ஒரு பாட்டம் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஐம்பத்தொன்பது பேர் அணியில் ஆடும்போது என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாயே என்று. எழுத வரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் வேலைக்காலம் முழுக்க மைதானத்தில் விழுந்த பிள்ளைகளிடம், ஒன்றுமில்லை எழுந்திரு என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. உன் மாமாவிடம் நான் சொன்னதில்லை, என் பிள்ளையிடம் சொன்னதில்லை. உனக்குச் சொல்லாததற்குக் காரணம் வேறு. நீ என்னை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மாசத்துல நீங்க என்னோட ஓடிப் போட்டி போடுவீங்க அத்தை" என்றாய். அந்த முகத்தில் அவ்வளவு நிச்சயம் இருந்தது. அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை. நாற்பத்தெட்டு போட்டேன். அப்புறம் என் ஒருத்தியின் நாற்பத்தெட்டு தனியாகத் தெரியுமே என்று எல்லோரையும் போட வைத்தேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை, ஆனால் செய்தது அதுதான் என்று இப்போது தெரிகிறது.

உன் படிவத்தின் இன்னொரு பிரதி எடுத்து முழுக்க நிரப்பியிருக்கிறேன். இந்தத் தடவை கூட்டவில்லை, நீயே கூட்டிக்கொள்.

வலிக்கிறது. படி இறங்கும்போது ரொம்ப வலிக்கிறது, முட்டியின் உள்பக்கம். மழை பெய்தால் தூக்கம் கெட்டுப்போகிறது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் வேண்டும். மாடிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. இவ்வளவையும் எழுதி முடிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது.

பரீட்சை முடிந்ததும் உன் புருஷனை அங்கேயே விட்டுவிட்டு நீ மட்டும் முதல் வண்டியில் இங்கே வா. டாக்டராக வந்து பார். நான் படியில் இறங்கிக் காட்டுகிறேன்.

அத்தை